என்ரை தலையெண்ணெயும் ரகு அண்ணையின்ரை இடது செட்டையும்

இல்லை, செந்தூரன் அண்ணா, நீங்கள் எழுதினது பிழை. முதல் வரியிலையிருந்து கடைசி வரி மட்டும் பிழை. ரிவெட் அடிக்கிறது எண்டா, தகட்டுக்கு இந்தப் பக்கம் ஒராள், அந்தப் பக்கம் ஒராள் நிண்டு, ஆளையாள் பாக்காமல் செய்யிற வேலை. அதிலை ஒராள் பொய் சொன்னா மற்றாளுக்குத் தெரியாது, பறக்கேக்கை பிளேனுக்குத்தான் தெரியும். நீங்கள் என்னடா எண்டா, எங்கடை மாணவர் சங்கப் பக்கத்திலை, பீலெஃபெல்டிலை இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க வாசிக்க, தர்சிகாவின்ரை தலையெண்ணெயாலைதான் பசை பிடிக்காமல் பிளேன் பிந்துது எண்டு எழுதி, கீழை ரெண்டு சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருக்கிறியள். அதை வாசிச்ச ஒரு மாமி உடனை அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, "பிள்ளை ஏன் பொம்பிளைப் பிள்ளையாப் படிக்கிறதைப் படிக்காமல் உதுக்குள்ளை போய் நிக்கிறாள்?" எண்டு கேட்டவா. சந்தோசமோ?

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். நான் தர்சிகா, மெஷினன்பவ், அதுதான் இயந்திரப் பொறியியல், ஐஞ்சாம் செமஸ்டர். படிக்கிற ஹோக்ஷூலெயிலையே உலோகத்தைப் பசையாலை ஒட்டிப் பாக்கிற லேபரிலை, எண்டா ஆய்வுகூடத்திலை, பகுதி நேர வேலை செய்யிறன். ரகு அண்ணை குசினி அலுமாரி செய்யிற ஃபாக்டரியிலை ஷிஃப்ட் வேலை. பிளேன் ஓட்டுற லைசென்ஸ் வைச்சிருக்கிறார். ஊருக்கு வெளியிலை ஒரு சின்னப் பறப்புத் திடலிலை, பிளேன் நிக்கிற ஹாலெ ஒண்டின்ரை மூலையை வாடகைக்கு எடுத்து, நாலு வருசமா ரெண்டு சீற்று அலுமினியப் பிளேன் ஒண்டைத் தன்ரை கையாலை கட்டுறார். மாலா அக்கா அவரின்ரை மனிசி. மாலா அக்காவின்ரை தம்பிதான் எங்கடை செந்தூரன் அண்ணா. நான் இவையளுக்குச் சொந்தமில்லை. செட்டைக்குள்ளை, பிளேனின்ரை இறக்கைக்குள்ளை, போற மெல்லிய கையுள்ள ஆள் வேணும் எண்டு ரகு அண்ணை சொல்லித் திரிஞ்சவர். பதினாறு மாசத்துக்கு முதல் நான் கையை நீட்டினன். அவ்வளவுதான் உறவு.

ஓட்டை துளைச்சு, அலுமினியச் சீவல் குத்தி, செவி இரைஞ்சு, பிறகும் அடுத்த சனிக்கிழமை எழும்பிப் போற என்ரை இனம் எங்கையோ இருக்கும். உங்களுக்குத்தான் இதை எழுதுறன். ஆர் பிழை எண்டு நீங்களே பாருங்கோ.

மூண்டு தட்டு

ரிவெட் எண்டது ஒரு சின்ன ஆணி மாதிரி. ரகு அண்ணை வெளியிலை நிண்டு காத்திலை வேலை செய்யிற ரிவெட் கன்னாலை அதின்ரை தலையிலை அடிப்பார். நான் செட்டைக்குள்ளை தோள் மட்டும் கையை விட்டு, உள்ளை நீட்டிற ரிவெட் வாலுக்கு ஒரு இரும்புக் கட்டியை அண்டக் குடுத்துப் பிடிப்பன். வால் நசிஞ்சு பரந்தா ரெண்டு தகடும் கவ்விப் பிடிக்கும். சத்தத்துக்கை கதைக்க ஏலாது. அதாலை தட்டுறது. கட்டியாலை ஒரு தட்டு எண்டா இன்னும் அடியுங்கோ. ரெண்டு எண்டா சரி. மூண்டு எண்டா பழுது, துளைச்சு எடுக்கவேணும். நான் தட்டும் வரைக்கும் அவர் அடுத்ததுக்குப் போகக்கூடாது. இது முதல் நாளே போட்ட சட்டம்.

முதல் நாளே சண்டையும் வந்திட்டுது. பதினோராவது ரிவெட்டின்ரை வால் சரிஞ்சு படுத்திட்டுது. நான் மூண்டு தட்டினன். அவர் ரெண்டு எண்டு எடுத்து அடுத்ததை அடிச்சிட்டார். நான் கையை இழுத்துக்கொண்டு வெளியிலை வந்து, "அண்ணை, உங்களுக்கு மூண்டு மட்டும் எண்ணத் தெரியாதோ?" எண்டு கேட்டன். அவர் தனக்கு ரெண்டுதான் கேட்டது எண்டார். நான் மூண்டு எண்டன். கால் மணித்தியாலம் இதுதான் கதை. பக்கத்து மூலையிலை முப்பது வருசமா ஒரே பிளேனைத் திருத்திக்கொண்டிருக்கிற ஹோர்ஸ்ட், எங்கடை தமிழிலை ஒரு சொல்லும் விளங்காமல் வந்து நிண்டு, என்ன பிரச்சினை எண்டு கேட்டார். ஜேர்மன் மொழியிலை சொன்னன். மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுச் சொன்னது: "ஒரு ரிவெட்டுக்கு இவ்வளவு சத்தம் போடுற ஆக்கள் எண்டா, உங்கடை பிளேனிலை நான் ஏறுவன்."

அழகான ஓட்டைகள்

அலுமாரிக்குப் பிணைச்சல் பூட்டுற மனிசன் எண்டபடியாலை ரகு அண்ணைக்கு ஓட்டை துளைக்க யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு விலாவுக்கு, அதுதான் செட்டைக்குள்ளை குறுக்கை நிக்கிற சட்டத்துக்கு, ரெண்டு நுனியிலையும் ஒவ்வொரு வரிசை துளைச்சு வைச்சிருந்தார். நூல் பிடிச்ச மாதிரி நேர். ஒவ்வொரு ஓட்டையின்ரை விளிம்பையும் சுரண்டி, விரலாலை தடவினா பட்டு மாதிரி. நான் ஃபோட்டோ எடுத்து லேபரிலை எல்லாருக்கும் காட்டினன். எனக்கும் புத்தி வேலை செய்யேல்லை எண்டதை இதிலை ஒத்துக்கொள்ளுறன்.

செட்டையை மூடமுதல் வந்து பாத்துக் கையெழுத்து வைக்கிற புரூஃபர் ஒராள் இருக்கிறா, ஃப்ராவ் லோமன். கையிலை விரல் நீளத்திலை ஒரு இரும்பு ரூலர். அண்டைக்கு அவ குனிஞ்சு, தகட்டின்ரை ஓரத்திலையிருந்து முதல் ஓட்டைக்கு ரூலரை வைச்சுப் பாத்தா. பிறகு ரெண்டாவது. பிறகு பாக்கேல்லை. அளக்க வேண்டிய ஓரத்தை விட்டிட்டு மடிப்புப் பக்கத்திலையிருந்து அளந்திருக்கிறார் அண்ணை. ஓட்டை எல்லாம் ஓரத்துக்குக் கிட்டக் கிட்ட. இழுவை வந்தா பேப்பர் மாதிரிக் கிழியும். அவர் பாவம், பாராட்டு வரப்போகுது எண்டு கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார். ஃப்ராவ் லோமன் நிமிர்ந்து, ரூலரைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு சொன்னவா: "வடிவா இருக்கு. குப்பையிலை போடுங்கோ."

தொப்பி

இனி எண்ணெய்க்கு வாறன். ஒளிக்க ஒண்டுமில்லை, நானே சொல்லுறன்.

இந்தப் பிளேனிலை விலாவின்ரை ரெண்டு நுனிக்கும்தான் ரிவெட். நடுவிலை முழுக்கப் பசை. பசை பிடிக்கவேணும் எண்டா தகடு சுத்தமா இருக்கவேணும். சுத்தம் எண்டா வீட்டுச் சுத்தமில்லை. அசெற்றோனாலை துடைச்சு, உரஞ்சி, திருப்பித் துடைச்சு, தண்ணி ஊத்திப் பாக்கவேணும். தண்ணி கண்ணாடி மாதிரி முழுத் தகட்டையும் மூடி நிண்டா சரி. எங்கையாவது விலகி முத்து முத்தா உருண்டா, அங்கை ஏதோ கொழுப்பு இருக்கு, முதல்லையிருந்து தொடங்கு. போன ஒக்டோபரிலை பழகிறதுக்கு எடுத்த தகட்டிலை தண்ணி உருண்டது. மூண்டு தரம் கழுவினன், மூண்டு தரமும் உருண்டது. பிறகுதான் பிடிபட்டது. அண்டைக்கு வெள்ளிக்கிழமை, முழுகி எண்ணெய் வைச்சுக்கொண்டு வந்திருக்கிறன். முன்னாலை விழுற மயிரைக் கையாலை ஒதுக்கிறன், அதே கையுறையாலை தகட்டைத் தூக்கிறன். பழகிற தகடு, செந்தூரன் அண்ணா. செட்டை இல்லை. நீங்களும் அண்டைக்கு நிண்டனீங்கள், சிரிச்சனீங்கள், அதைத்தான் இப்ப அஞ்சு மாசம் கழிச்சு வெளியிலை எடுத்திருக்கிறியள்.

அண்டையிலையிருந்து ஹாலெக்குப் போற நாளிலை நான் எண்ணெய் வைக்கிறேல்லை. அதுக்கு மேலை, பேக்கரியிலை போடுற மாதிரி இலாஸ்ரிக் தொப்பியும் போடுறன். கையுறை ஒவ்வொரு தகட்டுக்கும் புதுசு. அந்தக் கோலத்தோடை முதல் தரம் என்னைக் கண்ட மாலா அக்கா, கொண்டுவந்த ரீ ஃபிளாஸ்கை மேசையிலை வைச்சுப்போட்டு, என்னை மேலையும் கீழையும் பாத்துச் சொன்னவா: "எங்கடை மகளின்ரை சாமத்தியச் சடங்குக்கு மட்டும் உதோடை வந்திடாதையும், பிள்ளை."

ஐயர் வந்த சனிக்கிழமை

மார்ச் மாசம். இடது செட்டைக்கு நாலு விலா ஒட்டுற நாள். காலமை முழுக்க நானும் ரகு அண்ணையும் துடைச்சு, உரஞ்சி, தண்ணி ஊத்தி, எல்லாம் கண்ணாடி மாதிரி நிண்டது. காய விட்டு, தூசி படாமல் மண்ணிறப் பேப்பராலை மூடினன். பக்கத்திலை ஏழாம் நம்பர்ப் புரோபெயும் அதே பேப்பருக்குக் கீழை. புரோபெ எண்டா ரெண்டு சின்னத் தகட்டுத் துண்டு. செட்டையைத் துடைச்ச அதே துணியாலை துடைச்சு, அதே பசையாலை ஒட்டி, ஒரு கிழமை கழிச்சு இழுத்துக் கிழிச்சுப் பாக்கிறது. செட்டையைக் கிழிச்சுப் பாக்க ஏலாதுதானே. செட்டைக்குப் பதிலா அந்தத் துண்டு சாகும்.

மாலா அக்கா பூசைக்கு ஐயரைக் கூப்பிட்டிருந்தவா. எனக்கும் கடவுளுக்கும் ஒரு கோவமுமில்லை. புதுக் கார் வாங்கினா எலுமிச்சம்பழம் நசிக்கிற ஆக்கள் நாங்கள், பிளேனுக்குப் பூசை செய்யாமல் விடுவமோ? பேப்பரோடையே செய்யுங்கோ, நான் போய்ப் பசையைக் கலந்துகொண்டு வாறன் எண்டு சொன்னன். பசை ரெண்டு பங்கு, தராசிலை நிறுத்துக் கலக்கவேணும். வாசல் காத்துக்குத் தராசு ஆடும் எண்டு ஹோர்ஸ்டின்ரை மூலைக்குப் போனன். கலந்தாப் பிறகு நாப்பது நிமிசம்தான், பேந்து கல்லு மாதிரி இறுகிப்போடும்.

கோப்பையோடை திரும்பி வாறன். பேப்பர் இல்லை. நாலு விலாவும் தகடும் வெளிச்சத்திலை மின்னுது. கற்பூரத்தட்டு தகட்டுக்கு மேலை ஒரு முழத்திலை சுத்துது, சாம்பிராணிப் புகை ஹாலெயின்ரை கூரை மட்டும். தகட்டு ஓரத்திலை சந்தனப் பொட்டு, அதுக்கு நடுவிலை குங்குமம். நீங்கள் ஏணியிலை ஏறி நிண்டு வீடியோ எடுக்கிறியள், செந்தூரன் அண்ணா. கொழும்பு, ரொறன்ரோ, லண்டன் எல்லாம் லைவிலை நிக்குதாம்.

இப்ப கேளுங்கோ, இதுதான் என்ரை பிழை. வீட்டிலை அப்பாவோடை சண்டை, லேபரிலை சண்டை, பஸ்ஸிலை டிக்கெற் பாக்க வாறவனோடை சண்டை, உலகத்திலை எல்லாரோடையும் வாய் காட்டுற நான், அண்டைக்கு வாயே திறக்கேல்லை. பதினைஞ்சு சொந்தக்காரர் கும்பிட்டுக்கொண்டு நிக்கினம். மாலா அக்காவின்ரை கண்ணாலை தண்ணி ஓடுது. பசை இறுகத் தொடங்கிக் கையிலை கோப்பை சுடுது. எல்லாத்தையும் நிப்பாட்டி, திருப்பிக் கழுவவேணும் எண்டு சொல்ல வேண்டிய இடம் அது. நான் சந்தனத்தை மட்டும் அசெற்றோனாலை துடைச்சுப்போட்டு, தண்ணி ஊத்திப் பாக்காமல், பசையைப் பூசினன். ஏழாம் நம்பருக்கும் அதே பசையைத்தான் பூசினன். எல்லாம் முடிஞ்சு, தட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஐயர் என்ரை மூஞ்சையைப் பாத்திருக்கவேணும். கிட்ட வந்து மெதுவாச் சொன்னவர்: "நான் பேப்பரோடையே, தூரத்திலை நிண்டு காட்டுறன் எண்டுதான் சொன்னனான், பிள்ளை. வீடியோவிலை வடிவா விழாதாம்."

கிழிக்கிற நாள்

ஒரு கிழமை நான் வடிவா நித்திரை கொள்ளேல்லை. அடுத்த சனி, ஏழாம் நம்பரைக் கிழிக்கவேணும். பழகிறதுக்கு முதலிலை ஆறாம் நம்பரை மேசைக் குறட்டிலை இறுக்கிக் கிழிச்சன். அது ஃபெப்ரவரியிலை வலது செட்டைக்கு ஒட்டினது, கிழிக்காமல் கிடந்தது. இழுக்க இழுக்க முனகி, கடைசியிலை பசை நடுவாலை பிய்ஞ்சு, ரெண்டு தகட்டிலையும் சரிசமனா ஒட்டிக்கொண்டு நிண்டது. அதுதான் நல்ல பசை. தான் பிய்யும், தகட்டை விடாது.

ஏழாம் நம்பருக்குச் சத்தமே வரேல்லை. ஸ்ரிக்கர் கழட்டுற மாதிரிக் கழண்டுது. ஒரு தகட்டிலை முழுப் பசையும். மற்றத் தகட்டிலை ஒண்டுமில்லை. அதிலை என்ரை மூஞ்சை தெரிஞ்சுது, தொப்பியோடை. ரகு அண்ணை பின்னாலை நிண்டவர். துண்டை வாங்கி, பெருவிரலாலை தடவி, யன்னலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்து, திருப்பி வந்து, இன்னொரு துண்டு இல்லையோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். பிளேன் முடிஞ்சா முதல் தரம் தனியப் பறக்கப் போறது அவர். சட்டப்படி வேறை ஆரும் ஏறக்கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு விலாவையும் பிரிச்சுத் திருப்பி ஒட்டுவம் அண்ணை, கோடை போனாப் போகட்டும் எண்டு சொன்னன். அவர் துண்டை ஒரு பழைய துணியிலை சுத்தி மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப்போட்டுச் சொன்னவர்: "தர்சி, மாலாவுக்குச் சொல்லிப்போடாதையும்."

நுனி ரிவெட்

அதுக்குப் பிறகு தொடங்கினதுதான் உங்கடை புதுக் கதை, செந்தூரன் அண்ணா. நுனியிலை ரிவெட் இருக்கு, ரிவெட் பிடிக்கும், பசை சும்மா ஒரு துணைக்கு எண்டு ரகு அண்ணைக்கு ஓதினியள். அவரும் நம்ப விரும்பினார். சாறிக் கொசுவத்துக்கு மேலை ஒரு பின், கீழை ஒரு பின் குத்திப்போட்டு, நடுவிலை மடிப்பு நிக்கும் எண்டு நிண்டு பாருங்கோ. நுனி ரிவெட் பசை உரியத் தொடங்காமல் பாக்கத்தான். பசையே இல்லாத இடத்திலை அது என்னத்தைப் பாக்கிறது? மேலை போனா காத்து தகட்டை வெளியிலை இழுக்கும். நடுவிலை தகடு ஊதும். நுனியிலை ஒவ்வொரு ரிவெட்டா விடும். பிறகு நாங்கள் வயலிலை தேடவேண்டியதுதான்.

ஆராவது பெரிய ஆள் சொன்னாக் கேப்பார் எண்டு நினைச்சு, அந்தத் துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஹோர்ஸ்டிட்டைப் போனன். மனிசன் என்னோடை ஒரு வருசத்துக்கு மேலாக் கோப்பி குடிக்கிறவர். பொட்டலத்தைப் பிரிக்க விடேல்லை. என்ரை கைக்கு மேலை தன்ரை கையை வைச்சு அமத்தினார். கண் என்னைப் பாக்கேல்லை, இடது செட்டையைப் பாத்துது. "என்னட்டைக் காட்டாதை, பிள்ளை. கண்டனான் எண்டா நான் ஃப்ராவ் லோமனுக்குச் சொல்லவேணும். ரகு என்ரை கூட்டாளி."

எண்ணெய்க்குப் பரீட்சை

ஃப்ராவ் லோமன் இந்தச் சனிக்கிழமை வாறா. வந்து ஏழாம் நம்பர் எங்கை எண்டு கேப்பா. அதுக்குத்தான் நீங்கள் முன்கூட்டியே பதில் தயாரிச்சனீங்கள், என்ன? அந்தத் துண்டிலை தர்சிகாவின்ரை எண்ணெய் பட்டிட்டுது, துண்டுதான் பழுது, செட்டை நல்லது, மூடுங்கோ. நல்ல கெட்டித்தனம். பூசைக்கும் பழியில்லை, அக்காவுக்கும் கவலையில்லை, பேப்பரை எடுத்தவருக்கும் வழக்கில்லை. சொந்தமில்லாத ஒரு பெட்டையின்ரை தலைமயிர் தானே.

நான் சும்மா விடுற ஆளில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். லேபரிலை துண்டுகள் வெட்டினன். கொஞ்சம் சுத்தமா, கொஞ்சத்துக்கு என்ரை எண்ணெயை விரலாலை தடவி, கொஞ்சத்தைக் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் மேலை பிடிச்சு. புகை மணி அடிச்சு, ஆக்கள் வெளியிலை ஓடி, நான் பேச்சு வாங்கினது வேறை கதை. ஒரு கிழமை வைச்சுக் கிழிச்சன். சுத்தமானது விடேல்லை. எண்ணெய் பட்டது கழண்டுது. புகை பட்டதும் கழண்டுது. ரெண்டும் ஒரே மாதிரி மினுங்குது. கள்ளம் சொல்லி உங்களை மாதிரி வெல்ல எனக்கு விருப்பமில்லை, அதாலை எழுதுறன்: இந்தப் பரீட்சையாலை நான் குற்றவாளி இல்லை எண்டு என்னாலை காட்ட ஏலாது. அண்டைக்குத் தொப்பி போட்டிருந்தன், எண்ணெய் வைக்கேல்லை, கையுறை புதுசு. அது எனக்குத் தெரியும். துண்டுக்குத் தெரியாது. லேபருக்குப் பொறுப்பான அக்கா ரெண்டையும் பெரிசாக்கிற கண்ணாடிக்குக் கீழை பாத்துப்போட்டு, என்னைத் திரும்பிப் பாத்துச் சொன்னவா: "நீ ஆர் பிழை எண்டு கேக்கிறாய். எனக்குத் தெரியிறது ஒட்டேல்லை எண்டது மட்டும்தான்."

அந்த வசனத்தோடைதான் எனக்குக் கண் திறந்தது. எண்ணெய் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ, செந்தூரன் அண்ணா. என்ரை எண்ணெய் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ, நான் வாங்கிக்கொள்ளுறன், அம்மாவுக்கு இன்னும் பத்து மாமிமார் ஃபோன் எடுக்கட்டும். ஆனா அந்தத் துண்டையும் அந்த நாலு விலாவையும் துடைச்சது ஒரே கை, ஒரே துணி, ஒரே காலமை, ஒரே பேப்பருக்குக் கீழை. துண்டிலை எண்ணெய் எண்டா விலாவிலையும் எண்ணெய். துண்டிலை புகை எண்டா விலாவிலையும் புகை. என்னிலை பழியைப் போடுறதுக்கு நீங்கள் முதல்லை ஒண்டை ஒத்துக்கொள்ளவேணும், பசை பிடிக்கேல்லை எண்டு. அதை நீங்களே எழுதி, சிரிக்கிற மூஞ்சியும் போட்டு, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறியள். பிறகு எந்த வாயாலை சனிக்கிழமை செட்டையை மூடச் சொல்லுறியள்?

மாலா அக்கா, நீங்கள் இதை இஞ்சை வாசிச்சுத்தான் அறியிறியள் எண்டா, அது என்ரை குற்றம். பூசை குற்றமில்லை. பேப்பரோடை செய்திருந்தா அந்தப் பூசையாலை ஒரு கேடும் வந்திராது. ஐயருக்குக்கூட அது தெரிஞ்சிருந்தது. ரகு அண்ணை, அக்காவுக்குச் சொல்லமாட்டன் எண்டு அண்டைக்கு உங்களுக்கு வாக்குக் குடுத்தனான், முறிச்சிட்டன். கோவமெண்டா கோவியுங்கோ. கோவிக்க நீங்கள் தரையிலை நிக்கவேணும், எனக்கு அதுதான் வேணும். துளைக்கிற மெசினும் புது ரிவெட்டும் என்ரை பையிலை இருக்கு. சனி காலமை நான் வாறன், ஃப்ராவ் லோமனுக்கு முதல் வாறன், தொப்பியோடை.

செந்தூரன் அண்ணா, எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பவேண்டாம், அம்மாவுக்கு ஆள் விடவேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். எழுதின அதே பக்கத்திலை, அதே ஆக்கள் வாசிக்க, சனிக்கிழமைக்கு முதல் ரெண்டே ரெண்டுக்குப் பதில் எழுதுங்கோ: வீடியோவுக்கு அந்தப் பேப்பரை எடுத்தது ஆர்? அந்த நாலு விலாவும் ஒட்டியிருக்கோ, இல்லையோ?

பதினாறு மாசம் செட்டைக்குள்ளை கையை விட்டு நான் பழகினது ஒண்டே ஒண்டுதான், மற்றப் பக்கம் நிக்கிறவர் கேக்காத மாதிரி நிண்டாலும் தட்டவேண்டியதைத் தட்டவேணும்: இந்தா, மூண்டு தரம் தட்டிட்டன், எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கோ.